மாட் கருவி முதலா, காசு டிஎல்சி முதலா?

ஒரு கேமில் ரசிகர்களே செய்து சேர்க்கும் மாற்றம்தான் மாட், அதைச் செய்பவர் மாடர். கேம் வந்த பிறகு நிறுவனமே தரும் கூடுதல் பகுதி டிஎல்சி. இரண்டில் மாட் செய்யும் கருவியை முதலில் கொடுப்பதா, காசு டிஎல்சியை முதலில் விற்பதா? கேம் நிறுவனமான பெதஸ்டா தன் இரண்டு கேம்களில் இரண்டு வரிசையையும் செய்து பார்த்திருக்கிறது. ஸ்கைரிம் வெளியானது 2011 நவம்பர் 11. மூன்றே மாதத்தில், 2012 பிப்ரவரி 7 அன்று, மாட் செய்வதற்கான கிரியேஷன் கிட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். முதல் காசு டிஎல்சியான டான்கார்டு பிசிக்கு வந்தது ஆகஸ்டில்தான். ஃபால்அவுட் 4 அப்படியே தலைகீழ்: 2015 நவம்பர் 10 அன்று கேம், 2016 மார்ச் 22 அன்று ஆட்டோமட்ரான் என்ற காசு டிஎல்சி, ஏப்ரல் 12 அன்று அடுத்த டிஎல்சியான வேஸ்ட்லேண்ட் வொர்க்‌ஷாப். கிட் பொது பீட்டாவாக, அதாவது எல்லாரும் பயன்படுத்தக்கூடிய சோதனைப் பதிப்பாகத் திறந்தது ஏப்ரல் 26 அன்று.

கடைசி இரண்டு தேதிகளுக்கும் நடுவே சரியாக இரண்டு வாரம். வேஸ்ட்லேண்ட் வொர்க்‌ஷாப்பின் விலை 5 டாலர். கதை கிடையாது, கூண்டு, விளக்கு, அலங்காரம் என்று குடியிருப்பில் வைக்கிற சாமான்கள்தான். மாடர்கள் கையில் கிட் கிடைத்தால் முதலில் செய்து இலவசமாகக் கொடுப்பதும் இதே சாமான்களைத்தான். வேண்டுமென்றே இப்படி வரிசைப்படுத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிட் முன்னால் வந்திருந்தால் அந்த 5 டாலரைக் கேட்பது சிரமமாகியிருக்கும்.

கதை டிஎல்சிக்கு இந்தப் பயமே வேண்டாம். ஃபால்அவுட் 4-இன் ஃபார் ஹார்பர் டிஎல்சி 2016 மே 19 அன்று வந்தது, கிட் திறந்த பிறகு. ஒரு முழுத் தீவு, குரல் நடிப்போடு நீளமான கதை. இதையெல்லாம் சில வாரத்தில் எந்த மாடரும் செய்துவிட முடியாது. அதனால் கருவியைத் தள்ளிப்போடுவது சில்லறைச் சாமான் விற்பவர்களுக்குத்தான் லாபம் என்பது என் கணிப்பு.

சரி, கருவி முதலில் வந்தால் மாடர்களுக்குத் தொல்லையே இல்லையா? இருக்கிறது. ஸ்கைரிமில் நிறுவனத்தின் திருத்தமான பேட்ச் வந்து கேமை இயக்கும் எக்ஸி கோப்பு மாறும்போதெல்லாம், ரசிகர்கள் செய்த எஸ்கேஎஸ்இ என்ற துணைக் கருவியை நம்பிய மாட்கள் படுத்துவிடும். டிஎல்சிகள் முடிந்த பிறகு கருவி வந்தால் தரை ஆடாது. அப்போது வேறு சிக்கல்: டிஎல்சி பொருளை வைத்துச் செய்த மாட், அந்த டிஎல்சியை வாங்காதவருக்கு உதவாது. இரண்டில் எனக்கு முதல் தொல்லையே தேவலாம். பேட்ச் உடைத்ததை மாடர் சரிசெய்துவிடுவார். கருவி வரத் தாமதமாகி, கலைந்துபோன ரசிகர் கூட்டத்தை அவரால் திரட்ட முடியாது. வேறொரு நிறுவனத்தின் கேமான விட்சர் 3-க்கு ரெட்கிட் என்ற மாட் கருவி வந்தது 2024 மே மாதம், கேம் வந்து ஒன்பது வருஷம் கழித்து. நல்ல கருவிதான், ஆனால் ரொம்பத் தாமதம்.

பெதஸ்டாவின் பிந்தைய கேமான ஸ்டார்ஃபீல்டில் மூன்றாவது வழி. 2024 ஜூன் 9 அன்று கிட்டும் மாட்களை விற்கும் கடையும் ஒன்றாகத் திறந்தன. அந்தக் கடையில் ஒரே ஒரு மிஷனுக்குச் சுமார் 7 டாலர் கேட்டதும் ரசிகர்கள் கொதித்தார்கள். பெரிய டிஎல்சியான ஷாட்டர்டு ஸ்பேஸ் செப்டம்பர் 30 அன்று வந்தது. பெரிய டிஎல்சிக்கு முன்பே கருவி, வரிசை என்னவோ சரிதான். ஆனால் கேம் வந்து ஒன்பது மாதம் கழித்துத்தான் அந்தக் கருவியே கிடைத்தது.