நாலு வயதுக்கு எந்த மொழியில் படம்?

மகளுக்கு நாலு வயது. சாயங்காலம் பால் குடித்ததும் அரை மணி நேரம் டிவி. 2 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அந்த அளவைத் தாண்டாமல் இருப்பது எங்களுக்குச் சிரமமாக இல்லை. அந்த அரை மணியில் எதைப் போடுவது என்பதில்தான் வீட்டில் பேச்சு. ஆங்கிலத்தில் போட்டால் பள்ளிக்கூடத்துக்கு உதவும் என்பார் மாமனார். தமிழ் டப்பிங் போதும் என்பார் கணவர். எனக்கு வசனமே இல்லாதவை பிடிக்கும். சரி என்று ஒரு வருஷமாக மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம்.

ஆங்கிலத்தில் பெப்பா பிக் என்ற பன்றிக்குட்டி கார்ட்டூனைப் போட்டோம். ஒரு கதை 5 நிமிஷம்தான். சின்னச் சின்ன வாக்கியங்கள், வீட்டில் நடக்கிற விஷயங்கள். சொற்கள் ஒட்டிக்கொள்கின்றன, இல்லையென்று சொல்ல மாட்டேன். ‘மடி படில்’ (muddy puddle) என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டால், “பன்னி குதிக்குதே, அதும்மா” என்றாள். ஒரு நாள் மழை விட்டதும் வாசலில் தேங்கிய சேற்றுத் தண்ணீரைக் காட்டி, இதுதான் அது என்றேன். இறங்கி ஒரு குதி குதித்தாள். அந்தச் சொல் அவளுடையதானது அன்றைக்குத்தான். மற்றபடி ஆங்கிலத்தில் ஓடும்போது பெரும்பாலும் வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூட ஆங்கிலத்துக்காக இந்த அரை மணியைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தமிழ் டப்பிங்கின் பலம் நீளமான கதையில் தெரிகிறது. யார் யாருக்கு அண்ணன், யார் எங்கே போகிறார்கள் என்பதைக் குழந்தை தானே பிடித்துக்கொள்கிறது. 2007-இல் சுட்டி டிவி வந்த பிறகு டோரா தமிழில் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். என் அக்கா பிள்ளைகள் திரையைப் பார்த்துக் கத்திப் பதில் சொல்வார்கள். சொந்த மொழியில் கேட்டால்தான் அந்தக் குரல் அப்படி வெளியே வருகிறது. குறையும் உண்டு. சில டப்பிங்கில் பெரிய படத்து பஞ்ச் வசனத்தையும் ‘வாடா போடா’வையும் அள்ளிப் போடுகிறார்கள். படம் சும்மா இருக்கும் இடத்திலும் யாராவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் முதல் பத்து நிமிஷத்தை நான் தனியாகப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் போடுவேன்.

அப்புறம் வசனம் இல்லாதவை. ஷான் த ஷீப் 2007-இல் தொடங்கிய தொடர். களிமண் பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்தது, ஒரு கதை 7 நிமிஷம். பண்ணைக்காரர் முணுமுணுப்பார், ஆடுகள் கத்தும், ஒரு வார்த்தை கிடையாது. அவர் பார்க்காதபோது ஆடுகள் இரண்டு காலில் நின்று ஏதாவது வேலை பார்க்கும். திரும்பினால் நாலு காலில் நின்று புல் மேயும். முதல் வாரம் கதையை நான் சொன்னேன். இரண்டாவது வாரம் என் வாயைப் பொத்திவிட்டு அவளே ஆரம்பித்தாள். காவல் நாய்க்கு மட்டும் தனிக் குரல்: “ஐயோ, தாத்தா வர்றாரு, எல்லாரும் கீழ குனிங்க!” பண்ணைக்காரரை அவளுக்குத் தாத்தாவாகத்தான் தெரியும். அதே கதையை மறுநாள் போட்டால் நாய் வேறு வசனம் பேசும். ஒரு வருஷத்தில் அவள் முழு வாக்கியமாக அதிகம் பேசிய டிவி நேரம் இதுதான்.

1931-இல் தமிழ் பேசும் படம் வருவதற்கு முன்பு, ஊமைப் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்லுவாராம். எங்கள் வீட்டில் இப்போது அந்த வேலை அவளுக்கு.

ஆனால் இது பக்கத்தில் ஆள் இருந்தால்தான் நடக்கும். நான் அடுப்படியில் இருந்தால் அதே ஆட்டைச் சத்தமில்லாமல் பார்த்து முடித்துவிடுகிறாள். ஆகவே கூட உட்கார முடிகிற நாளில் வசனம் இல்லாதது, தோசை ஊற்றுகிற நாளில் தமிழ் டப்பிங், ஆங்கிலம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். என் முடிவு இதுதான். மாமனாருக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நாலாவதாக ஒரு வழியும் கிடைத்தது: புரியாத மொழிப் படத்தின் சத்தத்தைக் குறைத்து வைத்து நானே தமிழில் சொல்வது. ஜப்பானியப் படமான மை நெய்பர் டோட்டோரோ (1988) 86 நிமிஷம். மூன்று சாயங்காலமாகப் பிரித்தோம். அதில் வரும் தங்கையின் பெயர் மேய், அவளுக்கும் நாலு வயது. அவள் காணாமல் போய், குளத்தில் ஒரு சின்னச் செருப்பு கிடைக்கும் இடத்தில் மகள் என் மடியில் ஏறிவிட்டாள். “அது மேயோட செருப்பாம்மா?” படத்தை நிறுத்தினேன். இல்லை, அக்கா வந்து பார்த்து, மேயுடையது இல்லை என்று சொல்லிவிடுவாள் என்றேன். நிஜமா என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் போடச் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அந்த இடத்தையே மறுபடி போடச் சொன்னாள்.