அடுத்து எதைப் படிக்கலாம்: நண்பரா, நூலகமா, விருதுப் பட்டியலா?

புதுச்சேரியில் இருப்பவர்களுக்குப் புத்தகப் பஞ்சம் கிடையாது. ரோமன் ரோலண்ட் நூலகம் 1827 முதல் இருக்கிறது. அடுத்து எதைக் கையில் எடுப்பது என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். யாரைக் கேட்கலாம்? என் ஓட்டு நண்பருக்குத்தான். ஆனால் மற்ற இரண்டையும் தள்ளிவிட முடியாது.

விருதுப் பட்டியல் கைக்குச் சுலபமாக எட்டுவது. நாலு பேர் உட்கார்ந்து படித்துத் தேர்ந்தெடுத்தது என்ற தைரியத்தில் எடுக்கலாம். ஆனால் அது தலைப்பைச் சொல்லும், வழி சொல்லாது. நம்ம ஊர் பிரபஞ்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது ‘வானம் வசப்படும்’. பட்டியலைப் பார்த்து நேரே அதற்குள் போகிறவருக்கு, ‘மானுடம் வெல்லும்’ நாவலை முதலில் படித்தால் பதினெட்டாம் நூற்றாண்டில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் புதுவை இன்னும் நன்றாகப் பிடிபடும் என்று யார் சொல்வது? கடலூர் மாவட்டத்து இமையத்துக்கு 2020ஆம் ஆண்டு விருது ‘செல்லாத பணம்’ நாவலுக்கு. ஆனால் அவரை விரும்பிப் படிக்கிறவர்களைக் கேட்டால் பலரும் 1994இல் வந்த முதல் நாவல் ‘கோவேறு கழுதைக’ளைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

நூலகத்துக்கு வருவோம். அங்கே புத்தகமே பேசும். பின்னட்டையின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் தேதி முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருந்தால் நிறையப் பேர் கொண்டுபோயிருக்கிறார்கள். அதோடு நிறுத்தாமல் பக்க ஓரங்களையும் பாருங்கள். முதல் ஐம்பது பக்கம் மட்டும் அழுக்கேறி, மீதி அச்சகத்திலிருந்து வந்த மாதிரியே இருந்தால், எடுத்தவர்களில் பலர் பாதியில் விட்டிருக்கிறார்கள். கடைசிப் பக்கம்வரை ஓரம் தேய்ந்த புத்தகத்தை நம்பலாம். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம், காசும் நஷ்டமில்லை. ஒரே குறை, அலமாரிக்கு உங்களைத் தெரியாது.

நண்பருக்குத் தெரியும். அங்கேதான் அவர் ஜெயிக்கிறார். ஆனால் கேட்கிற விதம் முக்கியம். “நல்ல புத்தகமா ஒண்ணு சொல்லேன்” என்று கேட்டால், மரியாதைக்குரிய பெரிய பெயர் ஒன்று வந்து விழும். சொன்னவரே அதை முடித்திருக்க மாட்டார். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் இன்னும் மோசம்; தலைப்புகள் கொட்டும், ஏன் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். “சமீபத்துல தூக்கத்தைக் கெடுத்த புத்தகம் எது?” என்று கேட்டுப் பாருங்கள். அதைவிட நல்லது, நீங்கள் பாதியில் மூடி வைத்ததைச் சொல்வது.

திருப்பாதிரிப்புலியூரில் எனக்கு ஒரு தோழி, பள்ளி ஆசிரியை. ஒரு தடித்த நாவலில் ஆட்கள் பெயரே மனதில் நிற்கவில்லை, விட்டுவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். “அப்போ இப்போதைக்கு நாவல் வேணாம்” என்று சொல்லிவிட்டு, புதுமைப்பித்தன் கதைத் தொகுப்பை எடுத்து வந்தார். 1906இல் அவர் பிறந்தது அதே திருப்பாதிரிப்புலியூரில்தான் என்பதில் தோழிக்குத் தனிப் பெருமை. பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, “முதல்ல ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ படிங்க. அது பிடிச்சா ‘செல்லம்மாள்’. பிடிக்கலைன்னா கொடுத்துடுங்க, நான் மனசுல வெச்சுக்க மாட்டேன்” என்றார். எந்தப் பட்டியலும் இப்படி வரிசை போட்டுக் கொடுக்காது. பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை என்ற அந்த ஒரு வார்த்தை வாசிப்பைப் பாரமில்லாமல் ஆக்கிவிடுகிறது.

நண்பர்களிடமும் ஒரு ஆபத்து உண்டு. ஒரே வட்டத்தில் கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரே மாதிரிப் புத்தகமே சுற்றி வரும். அப்போது விருதுப் பட்டியலைத் திறக்கலாம், கேள்விப்படாத பெயர்களுக்காக. மற்ற நாட்களில் நண்பர் சொன்ன தலைப்போடு நூலகத்துக்குப் போய், நின்றபடியே பத்துப் பக்கம் படித்துப் பார்த்து எடுங்கள். இரவல் தந்தவர் முகத்துக்காகப் படித்து முடிக்கும் கட்டாயம் இருக்காது.

படித்தபிறகு அவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள், பிடிக்காவிட்டாலும். எந்த இடத்தில் அலுத்தது என்பதைக் குறிப்பாகச் சொன்னால், அடுத்த முறை அவர் எடுத்துத் தருவது இன்னும் பொருத்தமாக இருக்கும்.