இஎம்க்யூஎக்ஸ் ரூல் இன்ஜின்: புரோக்கருக்குள் எவ்வளவு வேலை வைக்கலாம்?

தடுப்பூசிக் குளிர்பெட்டிகளைக் கண்காணிப்பது என் வேலை. பெட்டிக்கு ஒரு சென்சார்; எல்லாம் எம்க்யூடிடி என்ற, சிறு சாதனங்களுக்கான செய்தி நெறி வழியாக வெப்பநிலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். நடுவில், செய்திகளை வாங்கி வேண்டியவர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் புரோக்கராக இஎம்க்யூஎக்ஸ் என்ற மென்பொருள். எச்சரிக்கை அனுப்பத் தனியாக ஓடிக்கொண்டிருந்த பைத்தான் நிரலை நிறுத்திவிட்டு, புரோக்கருக்குள்ளேயே இருந்து, வரும் செய்திகளை நாம் எழுதும் விதிகளோடு ஒப்பிடும் ரூல் இன்ஜினிடம் அந்த வேலையைக் கொடுத்தேன். பாதி வேலைக்கு அருமை. மறுபாதியை அதனிடம் கொடுக்கவே கூடாது.

விதிகளை எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழியின் பாணியில் எழுதுவதால், அது தெரிந்தவருக்குப் புதிதாகக் கற்க அதிகமில்லை. அட்டவணையின் பெயர் வரும் இடத்தில் டாபிக்கின் (செய்தி போய்ச் சேரும் தலைப்பு) பெயர், பிறகு நிபந்தனை. 2 முதல் 8 டிகிரிக்கு வெளியே போன செய்திகளை மட்டும் பிரித்து வேறு டாபிக்குக்கோ எச்டிடிபி முகவரிக்கோ தள்ளிவிடலாம். மாதிரிச் செய்தி ஒன்றை டாஷ்போர்டில் ஒட்டி அங்கேயே சோதிக்கலாம். எத்தனை செய்தி பொருந்தின, எத்தனை தேறின, எத்தனை தோற்றன என்று விதிவாரியாகக் கணக்கும் உண்டு. லாக் கோப்புகளைக் கிளறியே பழகிய எனக்கு அதுவே பெரிய சலுகை.

ஆனால் இவற்றை வெளியிலிருந்தும் செய்யலாம். உள்ளே இருப்பதன் உண்மையான லாபம், எந்தச் சாதனம் வந்தது, எது போனது, ஏன் போனது என்பது தெரிவதுதான். இணைப்பு அறுந்தால் அதுவும் ஒரு நிகழ்வாகக் காரணத்தோடு விதிக்கு வருகிறது: முறையாக விடைபெற்றதா, கீப்-அலைவ் காலம் (அதற்குள் சாதனம் ஏதாவது சொல்லியாக வேண்டும்) கடந்ததா, அதே அடையாளத்தோடு இன்னொன்று நுழைந்து இதை வெளியேற்றியதா. கீப்-அலைவை 60 விநாடி என்று வைத்தால், எம்க்யூடிடி நெறிப்படி ஒன்றரை மடங்கு, அதாவது 90 விநாடி வரை பார்த்துவிட்டுப் புரோக்கர் இணைப்பைத் துண்டிக்கும். இணைப்பு திடீரென அறுந்தால் சாதனத்தின் சார்பில் புரோக்கர் அனுப்பும் லாஸ்ட் வில் செய்தி இருக்கிறதே என்பீர்கள். சாதனம் போய்விட்டது என்று அது சொல்லும். ஏன் போனது என்று சொல்லாது. பெட்டி சூடாவதைவிட சென்சார் மௌனமாவதற்கே நான் அதிகம் பயப்படுகிறேன் என்பதால், இந்த ஒரு வசதிக்காகவே ரூல் இன்ஜினை வைத்துக்கொள்வேன்.

இனி மறுபாதி. கதவைத் திறந்து மருந்து எடுத்தால் வெப்பநிலை சற்று ஏறி இறங்கும். அதற்கெல்லாம் அலாரம் அடித்தால், சில நாளில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். பத்து நிமிடச் சராசரி 8 டிகிரியைத் தாண்டியதா என்பதே சரியான கேள்வி. ரூல் இன்ஜின் ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாகப் பார்க்கிறது. காலச் சாளரம், அதாவது குறிப்பிட்ட காலத்துச் செய்திகளைச் சேர்த்துக் கணக்கிடும் வசதி, அதில் கிடையாது. அதற்கு இகைப்பர் என்ற தனி நிரல் இருக்கிறது. இஎம்க்யூஎக்ஸை உருவாக்கிய அதே நிறுவனத்தில் பிறந்து, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்எஃப் எட்ஜ் என்ற திட்டக் குடையின் கீழ் வளர்வது. கோ மொழியில் எழுதப்பட்டது. டம்ப்ளிங், ஹாப்பிங், ஸ்லைடிங், செஷன் என எல்லா வகைச் சாளரமும் உண்டு. ஆக, தனியாக ஓடும் ஒரு நிரல் மறுபடியும் வந்துவிட்டது. எனக்கு வருத்தமில்லை. சாளரம் என்றால் பழைய செய்திகளை நினைவகத்தில் தேக்க வேண்டும். விதிகளோ செய்தி கடந்துபோகும் பாதையிலேயே ஓடுகின்றன. அங்கே கனமான கணக்கைப் போட்டால் செய்தியே தாமதமாகும்.

இஎம்க்யூஎக்ஸைப் புதிதாக நிறுவுகிறவர்கள் லைசென்ஸை முதலில் படித்துவிடுங்கள். 2025இல் வந்த 5.9 பதிப்பிலிருந்து தாராளமான அப்பாச்சி உரிமம் போய், பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு வைக்கும் பிஎஸ்எல் உரிமம் வந்துவிட்டது. ஒரே சர்வரில் ஓட்டினால் கவலையில்லை. பல சர்வர்களை இணைத்துக் கிளஸ்டர் கட்டுவதென்றால் லைசென்ஸ் சாவி வாங்க வேண்டும்.