டிஷியன் பிரிண்ட்: ஒன்பது அங்குல வானம் எங்கே?

பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் டிஷியனின் 'பாக்கஸும் அரியாட்னியும்' ஓவியத்தின் பிரிண்ட் இப்போது பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். என் வீட்டு ஹாலில் அது சில வருடங்களாகத் தொங்குகிறது. பருத்தித் தாள், பிக்மென்ட் மை போன்ற விவரங்களை விற்பவரே எழுதியிருப்பார், அதை விடுங்கள்.

எனக்குக் கோபம் ஒரே விஷயத்தில்தான். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள அசல் ஓவியம் 176.5 செ.மீ. உயரம், 191 செ.மீ. அகலம். கிட்டத்தட்ட சதுரம். கைக்கு வருவதோ 24க்கு 36 அங்குலம், ரெடிமேட் பிரேமுக்குத் தோதாக. அகலம் 36 என்றால் உயரம் 33 வரவேண்டும். மீதி ஒன்பது அங்குலத்தை வெட்டிவிட்டார்கள், அதிலும் பெரும்பகுதி மேலே. அங்கே இடது மூலையில்தான் நட்சத்திர வளையம் இருக்கிறது. கிரேக்கப் புராணக் கதை இது: நாக்சோஸ் தீவில் வீரன் தீசியஸ் தன் காதலி, இளவரசி அரியாட்னியைத் தவிக்க விட்டுக் கப்பலேறிப் போய்விடுகிறான். மதுவின் கடவுள் பாக்கஸ் வந்து அவளை மணந்து, அவள் கிரீடத்தை வானில் எறிய, அது விண்மீன் கூட்டமாகிறது. கப்பல் இருக்கிறது, கிரீடம் இல்லை! விற்றவரிடம் கேட்டதற்கு, "வெறும் வானம்தானே சார், ஆளுங்க எல்லாரும் இருக்காங்களே" என்று பதில். வெறும் வானமா? லாபிஸ் லசூலி என்ற விலையுயர்ந்த நீலக் கல்லை அரைத்து எடுத்த நீலம் ஐயா அது. ஓவியத்தை வரையச் சொன்ன இத்தாலியின் ஃபெராரா பிரபு அல்ஃபோன்சோ 1520களில் காசு கொடுத்தது அதற்கும் சேர்த்துத்தான்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். மிஞ்சியிருக்கும் நீலம் துளிகூட வெளுக்கவில்லை. பாக்கஸின் தேரில் பூட்டிய சிவிங்கிப்புலிகளின் புள்ளிகள் கிட்டப் போய்ப் பார்த்தாலும் கலங்காமல் தெரிகின்றன. முன்னால் ஆட்டுக்கால் சிறுவன் ஒருவன் கன்றுக்குட்டியின் தலையைக் கயிறு கட்டி இழுத்து வருகிறான், அவனைப் பார்த்து ஒரு குட்டிக் கறுப்பு நாய் குரைக்கிறது. வீட்டுக்கு வரும் குழந்தைகள் கடவுளையும் காதலையும் விட்டுவிட்டு நேரே அந்த நாயிடம் போய் நிற்கிறார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும். பிரேமில் கண்ணாடிக்குப் பதில் போட்ட அக்ரிலிக்கில் ட்யூப்லைட் பளிச்சென்று விழுவது இருக்கவே இருக்கிறது, இடம் மாற்றி மாட்டினால் தீரும்.

நண்பருக்கு என் பதில்: பாதி விலைக்கும் வேண்டாம். முழு ஓவியத்தையும் அதன் அளவு விகிதத்திலேயே, சுற்றிலும் வெள்ளை விட்டு அச்சடிப்பவரைத் தேடுங்கள். பிரேமைத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கும், செலவு கூடும், கூடட்டும். அப்புறம், "உங்களுடையதையாவது கொடுங்கள்" என்று கேட்டுவிடாதீர்கள். தரமாட்டேன்.