மஞ்சள் தொட்டிக் குளியல்: பழைய ராக், ஃபோக், ப்ளூஸ் தட்டுகளுக்கு ஸ்பின்-கிளீன் போதுமா?

பழைய எல்.பி. (நீண்டநேரம் ஓடும் இசைத்தட்டு) சேர்க்கத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டியது நல்ல ஊசி. அடுத்தது கழுவும் தொட்டி. அலமாரி, ஃபிரேம், பளபளக்கும் எடைக்கல் எல்லாம் பிறகு. அமெரிக்கத் தயாரிப்பான ஸ்பின்-கிளீன் 1975 முதல் விற்பனையில் இருக்கிறது. அமைப்பு ரொம்ப எளிது: மூடி போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் தொட்டி, தட்டைத் தாங்க இரண்டு உருளைகள், எதிரெதிரே நிற்கும் இரண்டு பிரஷ்கள், ஒரு பாட்டில் திரவம், துடைக்கத் துணிகள். மோட்டாரும் இல்லை, வயரும் இல்லை; சுற்றுவது நம் கைதான். அமெரிக்காவில் ஏறக்குறைய 80 டாலர். இங்கே வந்து சேரும்போது கப்பல் கூலியும் வரியும் சேர்ந்து கூடும்.

அழுக்கான தட்டுக்கு இந்தக் காசு தகும். தேய்ந்த தட்டுக்குத் தகாது. 1960, 70களின் ராக் தட்டுகளில் அழுக்கும் தேய்மானமும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள்தான் "கழுவியும் ஒண்ணும் ஆகலையே" என்று இதற்கு ஒற்றை நட்சத்திரம் போடுகிறார்கள்.

பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. உலர் பிரஷால் மேல்தூசியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கேளுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற எல்.பி. வேகத்தில் தட்டு ஒரு சுற்று முடிக்க 1.8 நொடி ஆகும். "டிக்" சத்தம் தாளம் தப்பாமல் 1.8 நொடிக்கு ஒருமுறை திரும்பி வந்தால் அது கீறல். எந்தத் தொட்டியும் அதை ஆற்றாது. எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒழுங்கில்லாமல் பொரிந்தால் தூசியும் பிசுக்கும். அதற்குத்தான் இந்தத் தொட்டி. பாடகரின் குரல் ஏறுகிற இடத்தில் மட்டும் கரகரத்து, தட்டின் உள்பக்கம் போகப் போக அது கூடினால் ஊசி ஓடும் வரிப்பள்ளமே தேய்ந்திருக்கிறது. தட்டின் வெளிவிளிம்பில் பள்ளம் ஊசியை நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் வேகத்தில் கடக்கிறது, கடைசிப் பாட்டில் அது 20 சொச்சம்தான். அதே ஒலியைக் குறைந்த நீளத்துக்குள் நெருக்கி வெட்டியிருப்பதால் உள்பக்கம்தான் முதலில் சேதமாகும். அந்தக் காலத்து மலிவு பிளேயர்கள் ஊசியை 5, 6 கிராம் எடையில், சில அதற்கும் மேலே, அழுத்தி ஓட்டின. ஊசியைத் தாங்கும் இன்றைய கார்ட்ரிட்ஜ் அழுத்துவது பெரும்பாலும் 1.5 முதல் 2 கிராம்.

இதற்கு நல்ல உதாரணம் ராக் குழுவான லெட் செப்பலினின் இரண்டாம் ஆல்பம், 1969இன் அமெரிக்க முதல் அச்சு. லேபிளுக்கு வெளியே உள்ள வெற்று வளையத்தில் 'ஆர்எல்' என்று பொறித்திருந்தால் அது ஒலிப் பொறியாளர் ராபர்ட் லட்விக், அச்சுக்கான மூலத்தட்டில் பள்ளம் வெட்டிக் கொடுத்தது. ஒலி அளவு மிகத் தூக்கலான வெட்டு. மலிவு பிளேயர்களில் ஊசி துள்ளியதால் அதை மட்டுப்படுத்தி மறுபடி வெட்டினார்கள் என்பது சேகரிப்பாளர்கள் எல்லோரும் சொல்லும் கதை. அதனால்தான் அந்த எழுத்துகளுக்கு இன்று அவ்வளவு விலை. ஆனால் தூக்கலாக வெட்டிய பள்ளத்தைக் கனமான ஊசி உழுதால் என்ன ஆகும்? விற்பவர் "கழுவினால் புதுசு மாதிரி ஆகிவிடும்" என்று ஆர்எல் பிரதி ஒன்றை நீட்டினால், எழுத்தைப் பார்த்து மயங்காமல் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ப்ளூஸில் இன்னொரு பொறி உண்டு. ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936, 37ஆம் ஆண்டுகளில் டெக்ஸாஸில் பாடிப் பதிந்தவை, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளாக வந்தவை; கொலம்பியா நிறுவனம் அவற்றில் சிலவற்றை 1961இல்தான் எல்.பி.யாகத் தொகுத்தது. இப்படிப்பட்ட தொகுப்புகளில் பழைய 78 தட்டின் இரைச்சல் பாட்டோடு சேர்ந்தே பதிந்திருக்கும். பாட்டு தொடங்கும்போது இரைச்சலும் தொடங்கி, இரு பாட்டுக்கு இடையே சட்டென்று அடங்கினால் அது மூலத்தின் சத்தம். இடைவெளியிலும் பொரிந்தால்தான் அழுக்கு. இது தெரியாமல் ஒரே தட்டை நாலு முறை முக்கித் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

தொட்டி தன் முழுத் திறமையையும் காட்டுவது ஃபோக் தட்டுகளில். ஒரு கிதார், ஒரு குரல், நடுவே மௌனம். அதில் ஒரு சிறு பொரியல் சத்தம்கூட ஒளிந்துகொள்ள முடியாது. டிரம்ஸும் மின்கிதாரும் மூடி மறைக்கும் அதே அளவு தூசி இங்கே பாட்டைக் கேட்கவே விடாது. ஃபோக்வேஸ் நிறுவனத் தட்டுகள் பல, நூலகங்களிலிருந்து கழித்துக் கட்டியவை. முத்திரையும் பசைச் சீட்டும் ஒட்டியிருக்கும். பலர் கை பட்ட பிசுக்கும் இருக்கும். பிசுக்கு இதில் நன்றாகப் போகிறது. லேபிளில் ஒட்டிய சீட்டைப் பிய்க்கப் போகாதீர்கள்.

இனி செய்முறை. தொட்டியில் 7, 10, 12 அங்குலத் தட்டுகளுக்கென மூன்று ஜோடி இடங்கள் உண்டு. உருளைகளை உரிய இடத்தில் பொருத்த வேண்டும். பிரஷ்களைச் செருகிவிட்டுக் கோடு வரை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. அதிலுள்ள உப்பு காய்ந்து பள்ளத்துக்குள் படியும், கழுவினதே புது இரைச்சலாகிவிடும். வீட்டு ஆர்ஓ தண்ணீரும் சரிப்படாது, உப்பு குறைந்திருக்குமே தவிர இல்லாமல் போவதில்லை. மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் கேன் போதும். பலசமயம் அது உப்பு நீக்கிய நீர்தான், காய்ச்சி வடித்தது அல்ல. நமக்கு இரண்டும் ஒன்று.

திரவத்தை அதன் பாட்டில் மூடியால் மூன்று மூடி அளந்து, பிரஷ்களின் மேலேயே ஊற்ற வேண்டும். நுரை வரட்டும் என்று நாலாவது மூடி ஊற்றினால் மிச்சப் படலம் தட்டில் தங்கி, ஊசி முனையில் வெள்ளையாகச் சேரும். தட்டை பிரஷ்களுக்கு நடுவே இறக்கி, விளிம்பை மட்டும் இரு கை விரல்களால் பிடித்து, லேசாகக் கீழே அழுத்தியபடி வலப்பக்கம் மூன்று சுற்று, இடப்பக்கம் மூன்று சுற்று. வெறுமனே சுற்றினால் தட்டு உருளையில் வழுக்கி நின்ற இடத்திலேயே நிற்கும். அந்தச் சிறு அழுத்தம்தான் சூட்சுமம். மிகவும் அழுக்கானவற்றை பிரஷ் நடுவே இரண்டு நிமிடம் ஊறவிட்டு, கால் சுற்று நகர்த்தி மறுபடி ஊறவிட்டால் பலன் கூடுகிறது. சிகரெட் புகை குடித்த வீட்டுத் தட்டு என்றால் துடைக்கும் துணியிலேயே பழுப்புக் கறை தெரியும்.

தட்டை மேலே தூக்கும்போது சில நொடி தொட்டிக்கு மேலேயே சாய்த்து வடியவிடுங்கள். அவசரப்பட்டால் துளி லேபிளில் ஓடும். தண்ணீர் மட்டம் லேபிளுக்குக் கீழேதான் நிற்கிறது என்றாலும், நெளிந்த தட்டில் அந்தக் கணக்கு தப்பும். 1970களில் மெல்லியதாக அடித்த தட்டுகள், குறிப்பாக ஆர்சிஏவின் டைனாஃப்ளெக்ஸ், கையில் வளையும். பிரஷ் ஒரு பக்கம் அழுத்தி மறுபக்கம் தொடாமல் போகும். அவற்றைப் பக்கம் மாற்றிப் போட்டு இன்னொரு முறை சுற்றுவது நல்லது.

இந்தப் பொருளின் உண்மையான பலவீனம் துடைப்பதில்தான். தொட்டி அழுக்கை நீரில் கரைக்கிறது. அந்த நீரின் கொஞ்சம் தட்டோடு வெளியே வருகிறது. தட்டு கழுவும் வாக்வம் மெஷின் அதை உறிஞ்சி எடுத்துவிடும், இங்கே துணியும் காற்றும்தான். அலசத் தேவையில்லை என்கிறது நிறுவனம். முதல் சில தட்டுகளுக்கு அது சரி. இருபதாவது தட்டு பத்தொன்பது தட்டின் அழுக்கில் குளிக்கிறது. ஒரு முறை நிரப்பினால் 50 தட்டு வரை வரும் என்பதெல்லாம் ஏற்கெனவே சுத்தமான தட்டுகளுக்குத்தான். பழைய கடைத் தட்டென்றால் 15, 20க்கு மேல் அதே நீரில் முக்காதீர்கள். பக்கத்தில் ஓர் அகலத் தாம்பாளத்தில் வெறும் டிஸ்டில்டு வாட்டர் வைத்து, சுத்தமான மென்பிரஷால் ஒருமுறை அலசி எடுத்தால் ஒலியில் வித்தியாசம் கேட்கும். கூட வரும் துணிகளைப் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாக ஓட்டுங்கள், குறுக்கே தேய்க்க வேண்டாம். அரை மணி நேரம் நிறுத்தி உலர்த்திய பிறகு உறையில் போடுங்கள். உறை புதிதாக இருக்கட்டும். கழுவிய தட்டைப் பழைய காகித உறைக்குள்ளேயே தள்ளுவது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போடுகிற கதை. பாலிஎதிலீன் உள்ளுறை வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டு வரிகள் அச்சிட்ட மூல உறையைத் தனியே வெளியட்டைக்குள் வைத்துவிடலாம்.

தொட்டியால் ஆகாத வேறு சிலவும் உண்டு. பிவிசி உறையில் பல ஆண்டு கிடந்த தட்டில் பால் படிந்த மாதிரி ஒரு மங்கல் இருக்கும். அது உறையிலிருந்து கசிந்த வேதிப்பொருளின் வேலை, பெரும்பாலும் போகாது. அச்சடிக்கும்போதே பிளாஸ்டிக் பள்ளத்தை முழுதாக நிரப்பாமல் விட்ட இடத்தில் துணி கிழிகிற மாதிரி சத்தம் வரும், அதுவும் போகாது. பூஞ்சை போகும், ஆனால் பூஞ்சைத் தட்டை மற்றவற்றோடு முக்கினால் நீரும் பிரஷும் கெட்டு எல்லாத் தட்டுக்கும் பரவும். கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான பீட்டில்ஸ் தட்டுகள் போல, நம் ஈரக் காற்றில் பல வருடம் கிடந்தவற்றுக்கு இந்தக் கவனம் கண்டிப்பாக வேண்டும். அவற்றைத் தனியே துடைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தொட்டியில் இறக்கிப் பிறகு நீரைக் கொட்டிவிடுங்கள்.

இதற்கு நேர்ப் போட்டி ஜெர்மனியின் நாஸ்டி டிஸ்கோ-ஆண்டிஸ்டாட். அதில் லேபிளை இரு பக்கமும் மூடித் திருகும் பிடி உண்டு, உலர்த்தும் ஸ்டாண்டும் கூடவே வருகிறது. அந்த இரண்டிலும் ஸ்பின்-கிளீன் தோற்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் பிடியைக் கழற்றி மாட்டுவது சலிப்பு என்பதால் வேகத்தில் ஜெயிக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. நாஸ்டி திரவத்தில் ஆல்கஹால் இருக்கிறது, ஸ்பின்-கிளீனில் இல்லை. பழைய 78 தட்டு அரக்கில் செய்தது. ஆல்கஹால் பட்டால் அரக்கு கரைந்துவிடும். ப்ளூஸ் சேகரிப்பவர் கையில் என்றாவது ஒரு 78 வந்து சேரும், அன்றைக்கு இந்த வித்தியாசம் தெரியும். அரக்குத் தட்டை ஊறவிடாமல் சுற்றியவுடன் எடுத்துத் துடைக்க வேண்டும்.

வாக்வம் மெஷின்கள் பல நூறு டாலர், கேளா ஒலியதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் மெஷின்களில் பல ஆயிரங்களில். 300 தட்டுக்குள் வைத்திருப்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கணக்கு. மாதம் ஐம்பது தட்டு வாங்குபவர் மட்டும் நேரே வாக்வம் பக்கம் போகலாம், துணியால் துடைத்தே மணிக்கட்டு போய்விடும்.

வேலை முடிந்ததும் நீரைக் கொட்டுங்கள், அடியில் படிந்த சாம்பல் நிற வண்டலைப் பார்த்தால் கொட்ட மனம் தானே வரும். பிரஷ்களை டிஸ்டில்டு வாட்டரில் அலசி வெளியே எடுத்து உலர்த்துங்கள். ஈர பிரஷ்ஷோடு மூடியைப் போட்டு வைத்தால் அடுத்த வாரம் திறக்கும்போது பூஞ்சை வாடை அடிக்கும். அந்த பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது ஜோடிதான் வாங்க வேண்டும்.