கார்டன் டிராக்டர் ஃபுட்ரெஸ்ட் வழுக்குதா? டேப், பெயிண்ட், ரப்பர், இரும்பு: எது தாங்கும்?

கார்டன் டிராக்டர், அதாவது உட்காந்து ஓட்டி புல்லு வெட்டுற வண்டி, புதுசா இருக்கும்போது ஃபுட்ரெஸ்ட் (கால் வைக்கிற தகடு) வழுக்குதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ரெண்டு மூணு சீசன் ஓடினப்புறம்தான் பேச்சே வரும். பூட்ஸ் தேய்ச்சு தேய்ச்சு பெயிண்ட் பளபளன்னு ஆயிருக்கும், கம்பெனில போட்டுக் குடுத்த ரப்பர் மேட் ஒரு மூலைல கிழிஞ்சு தூக்கிக்கிட்டு நிக்கும், அதுமேல வெட்டின புல்லோட சாறும் கொஞ்சம் ஈர மண்ணும் சேர்ந்தா பாசி புடிச்ச கிணத்துப் படிதான். ஓட்டும்போது கால் பெடலை விட்டு நழுவுறதும் ஆபத்துதான், ஆனா பெரும்பாலும் விழுறது ஏறும்போதும் இறங்கும்போதும். அப்போ உடம்பு வெயிட் மொத்தமும் ஒத்தக் கால்ல இருக்கு, அந்தக் காலும் ஃபுட்ரெஸ்ட்டோட வெளி ஓரத்துல, சாய்வா ஊனியிருக்கு. அதனால டேப்பு, பெயிண்டு, ரப்பரு, இரும்பு எதை எடுத்தாலும் நடுவுல எப்படி பிடிக்குதுன்னு பாத்து முடிவு பண்ணாதீங்க, அந்த வெளி ஓரத்துல எத்தனை நாள் நிக்கும்னு பாருங்க.

இன்னொரு விஷயம், கடைல கையால தடவிப் பாத்து "நல்லா சொரசொரன்னு இருக்கே"ன்னு வாங்குறதுல அர்த்தமே இல்ல. தொழிற்சாலைத் தரைகளுக்கு டிஐஎன் 51130ங்கற ஜெர்மன் தரத்துல வந்த ஒரு டெஸ்ட் இருக்கு, ஒரு ஆளை எண்ணெய் ஊத்தின சாய்வுப் பலகைல நடக்க விட்டு சாய்வை ஏத்திக்கிட்டே போவாங்க, எந்த கோணத்துல வழுக்குதோ அதை வச்சு ஆர்9ல இருந்து ஆர்13 வரைக்கும் கிரேடு. ஆர்9ன்னா 6 டிகிரிக்கு மேல தாங்கினாலே போதும், ஆர்13க்கு 35 டிகிரிக்கு மேல தாங்கணும். எல்லாரும் அந்த ஆர் நம்பரை மட்டும் பாப்பாங்க. அதே டெஸ்ட்ல வி4, வி6, வி8, வி10ன்னு இன்னொரு வரிசையும் இருக்கு, கால் படுற மட்டத்துக்குக் கீழ எவ்வளவு காலி இடம் இருக்குங்கறதோட கணக்கு அது. வி10ன்னா 10 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவுள்ள சதுரத்துல குறைஞ்சது 10 கன செ.மீ. பள்ளம் இருக்கணும், அழுக்கு போய் உட்கார அந்த இடம் வேணும். நம்ம வேலைக்கு இந்த வி தான் முக்கியம்னு நான் சொல்வேன். ஏன்னா புல்லு வெட்டுற வண்டில எண்ணெயை விட பெரிய எதிரி பேஸ்ட் மாதிரி அப்பிக்கிற புல்லு மண்ணு கலவை, சொரசொரப்பு எவ்வளவு கூர்மையா இருந்தாலும் பள்ளம் ஆழமா இல்லன்னா அரை மணி நேரத்துல ரொம்பி வழவழன்னு ஆயிடும்.

இப்போ டேப்புக்கு வருவோம். எல்லாரும் முதல்ல கை வைக்கிறது இதுலதான், வேலை கம்மி, காசு கம்மி, பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். பிளாஸ்டிக் ஃபிலிம் மேல அலுமினியம் ஆக்ஸைடு இல்ல சிலிக்கான் கார்பைடு பொடி, கீழ பசை, அவ்வளவுதான். கிரிட் நம்பர் சின்னதா இருந்தா பொடி பெருசு, ஸ்கேட்போர்டு டேப் 80 கிட்ட இருக்கும், படிக்கட்டுல ஒட்டுறது 60, வெளி வேலைக்கு 36ம் 24ம் கிடைக்கும். டிராக்டருக்கு 60 எல்லாம் வேஸ்ட், முதல் ஈரப் புல்லுலயே அடைச்சிடும், 36க்கு மேல போகாதீங்க.

பொடி தேயுறது பிரச்சனை இல்ல, ஓரம்தான் பிரச்சனை. டேப்பை ஃபுட்ரெஸ்ட்டோட விளிம்பைச் சுத்தி மடிச்சு ஒட்டினா அந்த ஃபிலிம் திரும்ப நிமிரத்தான் பாக்கும், ரெண்டு மழைல தூக்கிக்கும். மடிக்காம விளிம்புக்கு ஒரு செ.மீ. முன்னாடியே நிறுத்தினா டேப் நல்லா நிக்கும், ஆனா கால் ஊன்ற ஓரம் வெறும் தகடாவே இருக்கும். ஆக எந்த இடத்துல பிடிப்பு ரொம்ப தேவையோ அதே இடத்துலதான் டேப் கை விரிக்குது. சாதாரண ஃபிலிம் டேப்புன்னா எந்த பிராண்டா இருந்தாலும் இதே கதைதான், எட்ஜ் சீலர்னு ஒரு லிக்விட் தடவினா கொஞ்ச நாள் கூட ஓடும். மூலைகளை சதுரமா விடாம வளைச்சு வெட்டுங்க, கூர்மையான மூலைதான் முதல்ல உரியும். ஒட்டும்போது தகடு 10 டிகிரிக்கு மேல சூடா இருக்கணும், ஒட்டினதும் ரோலரால நல்லா அழுத்திட்டு, முழு பிடிப்பு வர மூணு நாள் வரைக்கும் ஆகும்ங்கறதால அதுவரைக்கும் தண்ணி காட்டாம வைங்க. பிரஷர் வாஷர் வச்சு வண்டி கழுவுற ஆளா இருந்தா டேப் பக்கமே போகாதீங்க, அந்தத் தண்ணி ஓரத்துல நுழைஞ்சு ஒரே வாட்டில உரிச்சுப் போட்டுடும். சரி அப்போ டேப்பால பிரயோஜனமே இல்லையான்னா, இருக்கு. காஞ்ச தரைல மட்டும் ஓட்டுறவங்களுக்கு ஓகே, வருஷம் ஒருக்கா மாத்திக்கிட்டே இருந்தா போச்சு. பழைய பசையை சொரண்டி எடுக்குறதுதான் கடுப்பு.

பெயிண்ட் + மணல் வழி எனக்கு டேப்பை விட பல மடங்கு பிடிக்கும், ஏன்னா இதுக்கு ஓரமே கிடையாது. விளிம்பு மேலயும், அதுக்கு அந்தப் பக்கம் மடங்கின பாகத்துலயும் ஒரே தோலா சுத்தி வந்துடும், உரியறதுக்கு நுனி இருக்காது. ரெண்டு பார்ட் (ரெண்டு டப்பாவுல வர்றதைக் கலந்து அடிக்கிற) எபாக்ஸி இல்ல ரெண்டு பார்ட் பாலியூரித்தேன், அதுமேல அலுமினியம் ஆக்ஸைடு பொடி. ஆத்து மணலே போடலாமேன்னு கேப்பாங்க, போடலாம், ஆனா குவார்ட்ஸோட கடினம் மோஸ் அளவுல 7, அலுமினியம் ஆக்ஸைடு 9, பூட்ஸ் அடில ஒட்டியிருக்கிற மண்ணே குவார்ட்ஸ்தானே, அதுவே இதைத் தேய்ச்சு மொட்டையாக்கிடும். மணல் தூசி நுரையீரலுக்கும் ஆகாது, காஞ்ச கோட்டிங்கைத் தேய்க்கும்போது மாஸ்க் இல்லாம நிக்காதீங்க.

பெயிண்ட் டப்பாவுக்குள்ள பொடியைக் கொட்டிக் கலக்கி அடிக்கிறவங்கதான் நிறைய, அதுல பொடி அடிக்குப் போய் உட்காந்துக்கும், ஒரு இடத்துல குவியும், இன்னொரு இடத்துல ஒண்ணுமே இருக்காது. சரியான முறை என்னன்னா முதல் கோட்டை கொஞ்சம் கனமா அடிச்சு, அது ஈரமா இருக்கும்போதே பொடியை மேலருந்து தூவணும், பெயிண்ட் கலரே தெரியாத அளவுக்கு. காஞ்சதும் ஒட்டாத பொடியை பிரஷ்ஷால தள்ளிட்டு, மேல ஒரு மெல்லிசான கோட். இந்த மேல் கோட்டுலதான் பாதி பேர் கோட்டை விடுறாங்க, நல்லா மூடணும்னு கனமா அடிச்சா பொடியோட கூரெல்லாம் உள்ள முங்கிப் போய் மறுபடி வழவழ. விரலை வச்சா குத்தணும், அந்த அளவுக்கு மெல்லிசா. அப்புறம் பொறுமை. மறுநாளே கையில ஒட்டாதுதான், ஆனா முழுசா இறுக ஏழு நாள் வரைக்கும் எடுக்கும், அதுக்குள்ள பெட்ரோல் சிந்தினா போச்சு. எபாக்ஸி வெயில்ல பொடிப் பொடியா வெளுக்கும், அதனால மேல் கோட்டுக்கு மட்டும் வெயில் தாங்குற பாலியூரித்தேன் போட்டா நல்லது. ரெண்டு பார்ட் பாலியூரித்தேன்ல ஐசோசயனேட்னு மூச்சுக்கு ஆகாத கெமிக்கல் இருக்கு, மூடின ஷெட்டுக்குள்ள ஸ்ப்ரே பண்ணாதீங்க, பிரஷ்ஷோ ரோலரோ வச்சு கதவைத் திறந்து போட்டு வேலை பாருங்க.

இதோட பங்காளிதான் பெட் லைனர், பிக்கப் வண்டி பின்பக்கம் அடிப்பாங்களே அது. பொடிக்குப் பதிலா ரப்பர் துகள். தட்டு தடை பட்டா உடையாது, சத்தமும் கொஞ்சம் குறையும், ஷூ அடியையும் அரிக்காது. ஆனா துகள் உருண்டையா இருக்கறதால ஈரத்துல அலுமினியம் ஆக்ஸைடு அளவுக்கு கடிக்காது. அடிக்கடி மோவர் டெக்கை (புல்லு வெட்டுற பிளேடு இருக்கிற அடிப்பாகம்) கழட்டி மாட்டுற ஆளுங்க ஃபுட்ரெஸ்ட் மேல ஸ்பேனர், சங்கிலின்னு எதையாவது போட்டுக்கிட்டே இருப்பாங்க, அவங்களுக்கு இது சரி.

எந்த கோட்டிங்கா இருந்தாலும் பாதி ஆயுசு கீழ பண்ற கிளீனிங்ல இருக்கு. வயர் பிரஷ் போட்டு துரு எடுத்து, 80 நம்பர் எமரில பளபளப்பு போற வரைக்கும் தேய்ச்சு, தின்னர் போட்டுத் துடைச்சாச்சா, இப்போ ஒரு டம்ளர் தண்ணியை தகடு மேல ஊத்திப் பாருங்க. தண்ணி ஒரே படலமா பரவி அப்படியே நின்னா எண்ணெய் இல்ல. அங்கங்க விலகி முத்து முத்தா திரண்டா அந்த இடத்துல இன்னும் கிரீஸ் இருக்கு, கண்ணுக்குத் தெரியாட்டியும் இருக்கு. முக்கியமா பெடல் தண்டு உள்ள போற ஓட்டையைச் சுத்தி இப்படித்தான் திரளும், திரும்பத் துடைங்க. டேப்புக்கும் இதே டெஸ்ட்தான்.

ரப்பர்ல ரெண்டு ஜாதி இருக்கு, சும்மா போட்டு வைக்கிற மேட்டு, இறுக்கிப் பிடிச்ச மேட்டு. சும்மா போட்ட மேட்டு வழுக்குற தகட்டை விட மோசம், காலோட சேர்ந்து அதுவும் நகரும். ஒட்டுறதா இருந்தா காண்டாக்ட் சிமெண்ட்ங்கற பசை, ரெண்டு பக்கமும் தடவி, கையில ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு அழுத்தணும், ஆனா ஒரு ஓரம் விட்டுச்சுன்னா அடில தண்ணி நின்னு தகட்டை மேலருந்து தெரியாம துரு தின்னுடும். என் ஓட்டு நட்டு போல்ட்டுக்குத்தான், அகலமான வாஷர் போட்டு, மேட்டுக்கு அடில தண்ணி ஓட வழி விட்டு. என்ன ரப்பர்னும் பாருங்க. ஈபிடிஎம் வெயிலுக்கு ராஜா, பெட்ரோலும் ஆயிலும் பட்டா ஊதிப்போகும். நைட்ரைல் ஆயிலைத் தாங்கும், வெயில்ல வெடிக்கும். பழைய கன்வேயர் பெல்ட் துண்டு கிடைச்சா விடாதீங்க, உள்ள துணி அடுக்கு இருக்கறதால போல்ட் ஓட்டை கிழியாது, இன்ஜின் அதிர்வும் பாதத்துக்குக் குறைவாத்தான் வரும். ஆனா மேல்பக்கம் வழவழன்னு இருந்தா அதுல வாய்க்கால் வெட்டணும், கோடுகள் பக்கவாட்டுல ஓரம் வரைக்கும் போய் வெளிய திறக்கணும், அப்போதான் சேறு பிதுங்கி வெளிய வரும். நடுவுலயே முடியுற டிசைன் எல்லாம் அழகுக்குத்தான்.

இரும்புல முதல்ல செக்கர்டு பிளேட்டைப் பத்தி ஒரு வார்த்தை. பாக்க மிரட்டலா இருக்கும், லாரிக்காரங்க எல்லாம் போட்டிருக்காங்க, ஆனா அந்த மேடுகளோட தலை உருண்டையா வழவழன்னு இருக்கும், ஈரத்துல ரப்பர் பூட்ஸ் அதுமேல நல்லாவே சறுக்கும். அதுமேல மணல் பெயிண்ட் அடிச்சா வேற கதை. உண்மையா கடிக்கிறது எக்ஸ்பாண்டட் மெட்டல், தட்டையாக்காத ரகம், வலை மாதிரி நிமிர்ந்த கூரான ஓரங்களோட இருக்கும். சேறு அதுல தங்காது, கீழ விழுந்துடும், மேல சொன்ன வி கணக்குல இதை அடிக்க ஆளில்ல. ஆனா இதை அப்படியே தகடு மேல வெல்டு பண்ணினா வலையோட ஓட்டைக்குள்ள புல்லு அடைச்சு, ஈரம் நின்னு, துருவுக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். சின்ன ஸ்பேசர் வச்சு தகட்டுல இருந்து தூக்கி மாட்டணும். தகட்டையே வெட்டிட்டு வலையை வச்சா என்னன்னு ஒரு யோசனை வரும், ஃபுட்ரெஸ்ட்டுக்குக் கீழ மோவர் பெல்ட் ஓடுற மாடல்னா வேண்டவே வேண்டாம், அந்தத் தகடு கால் வைக்க மட்டும் இல்ல, பெல்ட்டுக்கும் உங்க காலுக்கும் நடுவுல இருக்கிற காவல் அதுதான்.

வெல்டிங் மெஷின் இருந்தா இன்னும் எளிசான வழி, விளிம்பு ஓரமா சின்னச் சின்ன புள்ளியா வெல்டிங் பீடு (உருகி இறுகின இரும்பு மேடு) போடுறது. தேய மாட்டேங்குது, உரிய மாட்டேங்குது. ஒரே இழுப்பா போட்டா மெல்லிசு தகடு நெளிஞ்சிடும், அங்கொண்ணு இங்கொண்ணா ஆற விட்டுப் போடுங்க. பேட்டரி நெகட்டிவ் கழட்டிட்டு, பெட்ரோல் டேங்க்கை தூர எடுத்து வச்சுட்டு, காஞ்ச புல்லை ஊதித் தள்ளிட்டு அப்புறம் ஆர்க் அடிங்க. கால்வனைஸ்டு தகடுன்னா துத்தநாகப் புகை காய்ச்சல் வரவைக்கும், முதல்ல அந்தப் பூச்சைத் தேய்ச்சு எடுத்துட்டு காத்தோட்டமா வேலை செய்ங்க. அலுமினியம் பிளேட்டை இரும்பு மேல போல்ட் பண்றவங்க நடுவுல ஒரு ரப்பர் ஷீட்டோ கனமான பெயிண்டோ குடுக்கணும், இல்லன்னா ஈரத்துல ரெண்டும் சேர்ந்து அலுமினியம் அரிச்சுப் போகும்.

படகுல ஒட்டுற ஈவிஏ ஃபோம் மேட்டைப் பத்தி கேட்டா, வெறுங்காலுக்கு சுகம், டிராக்டர் பூட்ஸுக்கு ஆகாது, ஹீல் திரும்பித் திரும்பி பிச்சு எடுத்துடும்.

என் கணக்கு இதுதான். இரும்பு ஃபுட்ரெஸ்ட்னா விளிம்புல வெல்டிங் புள்ளி, மொத்தத்துக்கும் மேல தூவின அலுமினியம் ஆக்ஸைடு கோட்டிங். வெல்டிங் இல்லாதவங்க கோட்டிங் மட்டும் போட்டாலே டேப்பை விட பல மடங்கு ஓடும். நாள் முழுக்க ஓட்டுறவங்க, முட்டி வலி இருக்கிறவங்க, வாய்க்கால் வெட்டின கனமான ரப்பர் போல்ட் பண்ணிக்கோங்க, பிடிப்பு கொஞ்சம் கம்மின்னாலும் அதிர்வு குறையுறது பெரிய விஷயம். சேத்துலயே வேலைன்னா தூக்கி மாட்டின எக்ஸ்பாண்டட் மெட்டல், ஆனா அதுல முட்டிக்கால் பட்டா தோல் போகும்.

பிளாஸ்டிக் ஃபுட்ரெஸ்ட் உள்ள வண்டிகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் மேல சாதாரண பசையும் பெயிண்டும் பிடிக்காது, அதுக்குன்னு தனி பிரைமர் இருந்தாலும் பூட்ஸ் அடிக்கு எவ்வளவு தாங்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. அங்க போல்ட்டோ ரிவெட்டோ போட்ட ரப்பர்தான், துளை போடுறதுக்கு முன்னாடி கீழ குனிஞ்சு பெல்ட், கேபிள், பிரேக் ராடு எது எங்க போகுதுன்னு பாத்துக்கோங்க.

கடைசியா பெடல். கனமான மேட்டு போட்டா பிரேக் பெடல் முழுசா கீழ இறங்குதான்னு இன்ஜின் ஆஃப்ல கையால அமுக்கிப் பாருங்க, மேட்டுல இடிச்சா அந்த இடத்தை வெட்டி எடுங்க, ஹைட்ரோஸ்டேட்டிக் (கியருக்குப் பதிலா ஆயில் அழுத்தத்துல ஓடுற) வண்டில முன்னுக்கு, பின்னுக்கு ரெண்டு பெடலுக்கும் இதே செக் பண்ணணும். பெடல் மேலயும் 24 கிரிட் ஒட்டணும்னு ஆசைப்படாதீங்க, பிரேக்குக்கு சரி, ஆனா ஃபார்வர்டுல இருந்து ரிவர்ஸுக்கு காலை வழுக்கி நகர்த்துற மாதிரி பெடல்னா ஷூ அதுல மாட்டிக்கிட்டு நேரத்துக்கு வராது, அங்க பழைய ரப்பர் பேடே போதும்.