கிளிநொச்சிப் புழுதியில் எட்டு வருடத்துக்கு மேலாக ஓடும் ஜிடிஎக்ஸ் 1060

2017 தைப்பொங்கல் முடிந்த கையோடு கொழும்பில் வாங்கி, இரவு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கிராபிக்ஸ் கார்ட் இது, கணினித் திரைக்குப் படத்தை உருவாக்கித் தருகிற பாகம். என்விடியாவின் 6 ஜிபி மெமரி 1060. கலியாணவீடு, சாமத்தியவீடு வீடியோ எடிட்டிங்தான் என் தொழில், வேலை முடிந்தால் கொஞ்சம் கேம். இன்றைக்கும் இதே கார்ட்தான் உழைக்கிறது.

உலகத்தில் அதிகம் விற்ற கார்ட் எது என்று பெடியள் அடிக்கடி கேட்கிறார்கள். கார்ட் செய்கிற என்விடியாவோ ஏஎம்டியோ மாடல் வாரியாக விற்பனைக் கணக்கு வெளியிடுவதில்லை. அதனால் கேம் விற்கும் தளமான ஸ்டீம் மாதாமாதம் வெளியிடும் கணிப்பைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். எத்தனை விற்றது என்று அது சொல்லாது, கேம் விளையாடுகிறவர்களின் கணினியில் எது ஓடுகிறது என்றுதான் சொல்லும். 2016 ஆடியில் வந்த 1060 அதில் வருடக்கணக்காக முதலிடத்தில் இருந்தது. 2022 கார்த்திகையில்தான் என்விடியாவின் இன்னொரு கார்டான 1650 அதை முந்தியது, அப்புறம் 3060. மூன்றுமே அந்தந்தக் காலத்தின் வேகமான கார்ட் இல்லை. 1060க்கு 120 வாட், ஒரு 6 பின் வயர், அவ்வளவுதான். 1650 இன்னும் குறைவு, 75 வாட், பெரும்பாலானவற்றுக்குத் தனி வயரே வேண்டாம். கைக்காசுக்கும் வீட்டில் கிடக்கிற பவர் சப்ளைக்கும் அடங்குகிற கார்ட்தான் விற்கும். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்களில் சின்ன ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு நான் கலியாண வீடியோ முடித்துக் கொடுத்தது இந்த 120 வாட்டால்தான்.

கரண்டைவிடப் பெரிய எதிரி புழுதி. எங்கள் ஒழுங்கை கிறவல் வீதி, சோளகக் காற்று தொடங்கினால் யன்னலைப் பூட்டினாலும் வரும். நாலாம் வருடம் வீடியோ எக்ஸ்போர்ட் போட்டால் ஃபேன் கரகரவென்று கத்தும், சூடு 83 பாகைக்கு ஏறியதும் கார்ட் தானாக வேகத்தைக் குறைத்துவிடும், அரை மணித்தியால வேலை ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும். கழற்றிப் பார்த்தேன். அலுமினியத் தகடுகளுக்கு இடையில் செம்புழுதி பாய் விரித்தமாதிரி படிந்திருந்தது, சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, புதுப் பேஸ்ட் பூசினேன், சரி, ஆனால் ஒரு ஃபேனின் பெயரிங் போயே போய்விட்டது. வவுனியாவில் தெரிந்த தம்பியிடம் செத்துப்போன இதே 1060 ஒன்று கிடந்தது. அதன் ஃபேனை எடுத்து மாட்டினேன், அன்றிலிருந்து 70 பாகையைத் தாண்டவில்லை. அதிகம் விற்ற கார்டை வாங்குவதில் எனக்குத் தெரிந்த பெரிய நன்மை இதுதான்: எங்கேயாவது ஒருவரிடம் அதன் உதிரி கிடக்கும்.

பழையது வாங்குகிறவர்கள் 3 ஜிபி 1060ஐத் தொடவேண்டாம். குறைவது மெமரி மட்டுமில்லை, கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகளான கூடா கோரும் 1280இல் இருந்து 1152 ஆகிறது, பெயரோ ஒன்றுதான். 2025 ஐப்பசியோடு 1060க்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வருவதையும் என்விடியா நிறுத்திவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும். எடிட்டிங்குக்கு எனக்கு அது போதும். கேமுக்காக என்றால் இப்போது 3060 12 ஜிபியைத் தேடுங்கள், 170 வாட், பவர் சப்ளையை மட்டும் முதலில் பாருங்கள்.